புளி போட்டு விளக்கிய சங்கிலி

முதலிலேயே சொல்லிப்போடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுதிக்கொண்டே இருக்கும்போது எதற்கு ஆரம்பித்தேன் என்று மறந்துவிடும். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் வேறொன்று முன்னால் வந்து நிற்கும். வருசமும் சரியாகத் தெரியாது. தொண்ணூற்று நாலாக இருக்கும், இல்லாவிட்டால் அஞ்சு. பொண்ணு கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்து ஆஸ்டலில் இருந்தாள், அது நிச்சயம். தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசம் அந்தப் பொண்ணுதான் போனில் ஒரு படம் காட்டினாள். மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் தடித்த டயர் போட்ட வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டு கல்லிலும் சேற்றிலும் ஓட்டுகிறார்கள். "அம்மா, அப்பா வண்டியாட்டமே இல்ல?" என்றாள். ஆமாம். எங்களுடையதற்கு மூன்று சக்கரம், அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் அந்தச் சங்கிலிச் சத்தம் காதில் கேட்கிறது. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் தோப்பு உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி வாய்க்கால் ஓரம். எட்டு ஏக்கரும் தென்னை. ஒரு தடவை லாரியில் காய் ஏற்றும்போது மேலே நின்றிருந்த என் வீட்டுக்காரர் வழுக்கிக் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துபோச்சு. ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாசம், வீட்டில் கட்டிலோடு ஆறு மாசம். எழுந்தபோது கையில் தடி. பத்து எட்டு எடுத்து வைத்தால் முகமெல்லாம் வேர்த்துவிடும். தோப்புக்கு நடுவில்தான் வீடு. ஆனால் அவருக்குச் சன்னலில் தெரிகிற நாலு மரம்தான் தோப்பு.

"வாய்க்கா மேட்டு மரத்துல வண்டு உழுந்துருக்குதா, போயிப் பாரு" என்பார். போய்ப் பார்த்து வந்து சொல்வேன்.

"குருத்து எப்படி இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"நல்லான்னா என்ன புள்ள? பச்சையா, வெளிறியா? உங்கிட்டக் கேக்கறதுக்குக் காக்காகிட்டக் கேக்கலாம்."

அவர் அண்ணன் பல்லடத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரே பேச்சுத்தான். "தோப்பைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு எங்கூட பல்லடத்துக்கு வந்துருடா. கட்டில்ல படுத்துட்டு ஆரு தென்னை வெவசாயம் பண்ணுனாங்க?" கெட்ட எண்ணம் கிடையாது, தம்பி மேல் இருந்த பாசம்தான். ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு இவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். இந்த மனுசனைத் தோப்பை விட்டுக் கூட்டிப் போனால் ஒரு வருசம் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வெளியில் சொன்னதில்லை.

அப்போதுதான் சிங்காநல்லூர் பாய் நினைப்பு இவருக்கு வந்தது. எங்கள் பம்புசெட் வேலைக்கெல்லாம் இவர் அந்தப் பாய் பட்டறைக்குத்தான் போவார். வீடு பழைய கோயமுத்தூரில், பட்டறை சிங்காநல்லூரில். மில்லுகளுக்குப் பல்சக்கரம் கடைந்து கொடுக்கிறவர். ஒருநாள் தோப்புக்கு நேரில் வந்து, வரப்பு எத்தனை உயரம், மரத்துக்கு மரம் எத்தனை அடி, வட்டப்பாத்தி எத்தனை ஆழம் என்று எல்லாம் அளந்துகொண்டு போனார். ரெண்டு மாசம் கழித்து பாயே ஒரு டெம்போவில் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். பின்னால் ஒரு அச்சு, அதில் ரெண்டு தடித்த சக்கரம். எஞ்சினில் ஒரு சின்னப் பல்சக்கரம், அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம், ரெண்டையும் இழுத்துப் பிடிக்க ஒரு சங்கிலி. காலுக்கு வேலையே இல்லை, கியர், பிரேக் எல்லாம் கையில். உட்கார நாற்காலி மாதிரி ஒரு சீட். பின்னால் சாமான் வைக்க ஒரு பலகை.

பாய் போகும்போது இவரிடம் சொன்னது எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்டது. நான் ஆம்பிளைகள் முன்னால் வந்து நிற்கிற ரகம் இல்லை.

"எஞ்சின் ஒண்ணும் பண்ணாதுங்க. சங்கிலியத்தான் பாத்துக்கோணும். வாரம் ஒருக்கா எண்ணெய் உடுங்க. நடுவுல வெரல் வெச்சு அழுத்துனா ஒரு கட்டைவெரல் தடிமன் எறங்கோணும். அதுக்கு மேல தொங்குச்சுன்னா அச்சைப் பின்னால தள்ளுங்க. சங்கிலி அந்துதுன்னா நீங்க எங்க நிக்கறீங்களோ அங்கதான்."

அன்றைக்குச் சாயங்காலமே கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டு வந்தார். பத்துப் பதினோரு மாசத்துக்கு அப்புறம் வாய்க்காலைப் பார்த்தார். இறங்கும்போது என்னைப் பார்த்து, "வெளிறித்தான் இருக்குது குருத்து" என்றார். அத்தனை சந்தோசமாக அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் என் பாடுதான் பெரும்பாடு. அவர் வண்டியை எடுத்துப் போய்விட்டால் எனக்குக் கை வேலையில் நிற்காது. சங்கிலி ஓடுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். கடகடவென்று ஒரே சீராக வந்தால் சமதரை. திணறினால் வரப்பு ஏறுகிறது. நின்றுவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். மறுபடியும் சத்தம் வந்தால் உள்ளே போவேன். ஒரு மணி நேரத்துக்கு இப்படிப் பத்துத் தடவை. காய் பொறுக்க வருகிற அக்கா ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏனம்மிணி, உம்புருசன் ஓட்டறது அந்த வண்டி, நீ எதுக்கு இங்க ஓடிட்டுக் கெடக்கற?" என்று சிரிப்பாள்.

வாராவாரம் எண்ணெய் விடுவது என் வேலை ஆயிற்று. அவரால் குனிய முடியாது. சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி ஒரு சொட்டு. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது அத்துபடி ஆகிவிட்டது. சங்கிலியை மாட்டுகிற இடத்தில் ஒரு கண்ணி மட்டும் தனி. அதில் ஒரு சின்னப் பூட்டு, தகட்டில் வெட்டியது, என் நகம் அளவுதான் இருக்கும். குறட்டால் அதைத் தள்ளினால் சங்கிலி கழன்று வந்துவிடும். அது தெரிந்ததுதான் வினை.

ஆயுத பூசை வந்தது. வீட்டில் அரிவாள்மணையில் இருந்து மண்வெட்டி வரைக்கும் கழுவி எடுத்து வைத்துவிட்டேன். வண்டியையும் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். சங்கிலி மட்டும் கன்னங்கரேலென்று எண்ணெயும் மண்ணுமாக இருந்தது. அதற்கு எப்படிச் சந்தனம் வைப்பது? குங்குமம் வைத்தால் ஒட்டுமா? அவர் உள்ளே படுத்திருந்தார். நான் பூட்டைத் தள்ளிச் சங்கிலியைக் கழற்றினேன். பாவாடை நாடாவை உருவும்போது அதன் முனையில் வேறொரு கயிற்றைக் கட்டி உருவுவோம் அல்லவா, அதே மாதிரி ஒரு கயிற்றைக் கட்டி உருவினேன். திரும்ப மாட்டுவதற்கு அந்தக் கயிறு பல்சக்கரத்தில் கிடந்தது. சங்கிலியை அண்டாவில் போட்டு, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் உப்பும் போட்டு விளக்கினேன். கண்ணி கண்ணியாக, தேங்காய் நாரை வைத்து உள்ளுக்குள் விட்டுத் தேய்த்தேன். அரை நாள் ஆச்சு. வெயிலில் காயவைத்தால் வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னியது.

காய் பொறுக்குகிற அக்கா, "வண்டிக்குச் சீர் செய்யறியா? நாளைக்கு வளைகாப்பும் வெச்சுரு" என்றாள்.

மாட்டிவிட்டுச் சந்தனம் வைத்தேன். எண்ணெய் விடவில்லை. எண்ணெய் விட்டால் சந்தனம் வழிந்துவிடுமே. இவர் எழுந்து வந்து தடியை ஊன்றி நின்று பார்த்தார். "புதுசாட்டம் இருக்குது புள்ள" என்றார். அவர் என்னை நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்வது வருசத்துக்கு ஒரு தடவை நடக்கும். நான் உள்ளே போய்ச் சும்மாவே பாத்திரத்தை எடுத்து எடுத்து வைத்தேன். அந்தப் பளபளப்புப் போய்விடக் கூடாது என்று அடுத்த வாரமும் எண்ணெய் விடவில்லை. அதற்கடுத்த வாரமும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சங்கிலி முதலில் மஞ்சளித்தது, அப்புறம் செம்மண் நிறம். சத்தம் மாறியதை நான்தான் முதலில் கேட்டேன். கடகட போய், டக், டக் என்று நடுவில் ஒரு அடி. பயந்துபோய், கைக்குக் கிடைத்த எங்கள் தோப்புத் தேங்காயெண்ணெயை ஊற்றினேன். அன்றைக்கு வழுவழுவென்று ஓடியது. மறுநாள் மணலெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. சில கண்ணிகள் மடங்காமல் குச்சியாட்டம் விறைத்து நின்றன. "சத்தம் சரியில்லையே" என்று இவர் கேட்டார். "மழைக்கு அப்படித்தானுங்க இருக்கும்" என்று நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றைக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கடைசி வரிசைப் பக்கம் இருந்தது. டக், டக், டக். அப்புறம் ஒரு பெரிய அடி. அப்புறம் எஞ்சின் மட்டும் தனியாகக் கத்தியது. அதுவும் நின்றது. நான் ஓடினேன். மழை இறங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் வண்டி வாய்க்கால் மேட்டில் சாய்ந்து நிற்கிறது, சங்கிலி சேற்றில் கிடக்கிறது, அவர் வண்டியில் இல்லை. இறங்கி நடக்கப் பார்த்து விழுந்திருக்கிறார். தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும், "காய் பொறுக்கறவளக் கூப்புடாத. நீயே தூக்கு" என்றார். என்னால் முடியவில்லை. கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. வண்டியையும் மறுநாள் அவளும் நானும்தான் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பாயைத் திட்டினார். "புதுச் சங்கிலின்னு சொல்லிப் பழசைப் போட்டு ஏமாத்திப்போட்டாரு. ஒரு வருசம் வருமுன்னாரு, அஞ்சு மாசத்துல அந்துபோச்சு." விசயம் தெரிந்து அண்ணன் வந்தார். இந்தத் தடவை இவர் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றபடியே செய்யலாமுங்கண்ணா. குத்தகைக்கு ஆளைக் கூட்டிட்டு வாங்க. வண்டிய எடைக்குப் போட்டர்றேன்." அடுத்த வியாழக்கிழமை ஆளைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் போனார்.

அண்ணன் போனதும் இவர் என்னிடம் ஒரு தபால் கார்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். அவர் கையில்தான் கட்டு. எழுத வேண்டியது நான். பள்ளிக்கூடத்தை விட்டபின் மளிகைச் சாமான் தவிர வேறெதுவும் நான் எழுதியதில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பாய்க்கு. நீங்கள் போட்ட சங்கிலி பழசு. நம்பி வந்தவர்களை மழையில் விழ வைத்துவிட்டீர்கள். இனி உங்கள் பட்டறை வாசலை மிதிக்க மாட்டோம்.' ஒவ்வொரு எழுத்தும் என் கையால். 'பழசு' என்று எழுதும்போது விரல் வழுக்கியது. வேர்வைதான்.

"தபால்காரங்கிட்டக் குடுத்துரு" என்றார். நான் கார்டை அரிசிப் பானைக்குள் செருகினேன்.

மூணு நாள். சொல்லிவிடலாம் என்று போவேன், அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார், திரும்பி வந்துவிடுவேன். தண்ணீர் மொண்டு கொண்டு போவேன், கொடுத்துவிட்டு நிற்பேன். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்லீங்க." வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து கால் வலித்தது. 'புதுசாட்டம் இருக்குது புள்ள' என்று சொன்னாரே, அந்த வாய் என்ன சொல்லும்? கார்டு எங்கே அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று இடம் மாற்றி மாற்றி வைத்தேன். நாலாம் நாள் திங்கட்கிழமை. விடிந்ததும் போய் நின்றேன்.

"சங்கிலிய பாய்கிட்டக் காட்டிக் கேட்டுப்போட்டு வாரேனுங்க."

அவர் சிரித்துவிட்டார். "நீயா? பஸ்சுல பக்கத்துல ஆம்பளை நின்னா மூச்சையே புடிச்சுக்குவ. அங்க போயி என்னன்னு கேப்ப?"

"கேப்பனுங்க."

"சரி, போ. நானும் பாக்கறேன்."

அறுந்த சங்கிலியை ஒரு மஞ்சப்பையில் போட்டேன். கார்டையும் வீட்டில் விட்டுப் போகப் பயந்து அதே பையில் போட்டுக்கொண்டேன். உடுமலையில் இருந்து பல்லடம், அங்கே மாறிச் சிங்காநல்லூர். கண்டக்டர் என் பையைக் காலால் நகர்த்தப் பார்த்து, "ஏனுங்கம்மிணி, என்னுங்க இது, கல்லாட்டம் கனக்குது?" என்றார். "சங்கிலிங்க" என்றேன். "சங்கிலியா! எத்தன பவுனுங்க?" பஸ்சே சிரித்தது. பல்லடம் வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

பட்டறையில் ஏகப்பட்ட சத்தம். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பாயே பார்த்துவிட்டார். "அட, உடுமலை அக்கா! வாங்க, வாங்க. அண்ணன் வல்லீங்களா?" நான் பையை நீட்டினேன். சங்கிலியை எடுத்து மேசையில் போட்டார். விறைத்த கண்ணிகளைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"எப்புடீங்க இப்படிச் சாமானம் வந்துச்சு? பெட்டிய நாந்தான் பிரிச்சேன்." தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினார். "அண்ணனுக்கு ஒண்ணும் அடி படலீங்களே? கையா? அய்யோ. அக்கா, இது என்ற தப்புங்க. கடைக்காரன் மட்டச் சாமானத்தக் கட்டிப்போட்டிருக்கறான். நாளைக்குப் போயி அவன ரெண்டுல ஒண்ணு பாத்தர்றேன். நீங்க புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. காசு வேண்டாமுங்க."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அவர் அதற்குள் மூணு சங்கிலியை எடுத்து வந்து வரிசையாகப் போட்டுவிட்டார். ஒன்று மெலிசு. ஒன்று ரொம்பத் தடிமன், மில் மிசினில் போடுவது. ஒன்று பழையது மாதிரியே. நான் தடித்ததைத் தொட்டேன். "அது வேண்டாமுங்க. கனத்தை இழுக்கவே எஞ்சினுக்குப் பாதி உசுரு போயிரும். மெலிசு வரப்பேறயில அந்துரும். நடுவாந்தரந்தான் உங்குளுக்கு. இந்தா, இப்படிப் படுக்கை வசமாப் புடிச்சுப் பாருங்க." பிடித்துப் பார்த்தேன். புதுசு கொஞ்சம்தான் வளைந்தது. என் பழையதைப் பிடித்தால் ஆடுகிற கிளை மாதிரித் தொங்கியது. கண்ணிக்குக் கண்ணி உள்ளே தேய்ந்துபோயிருக்கிறதாம். பழைய சங்கிலியோடு ஓடிய பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், பல் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும், அதில் புதுச் சங்கிலியைப் போட்டால் புதுசையும் தின்றுவிடும் என்று சொல்லி, சின்னதும் பெருசுமாக ரெண்டு பல்சக்கரத்தையும் எடுத்து வைத்தார்.

"எத்தன கண்ணின்னு எண்ணுங்க அக்கா, அத்தனைக்கு வெட்டிக் குடுக்கறேன்."

நான் அந்த அறுந்த சங்கிலியை எண்ணினேன். காய் எண்ணிப் பழகிய வாய். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." முதல் காயை ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். பாய் சிரித்துவிட்டார். "அந்துபோன சங்கிலியிலயும் லாபமுங்களா!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதில் கொஞ்சம் பயம் விட்டது.

"மாட்டறதுக்கு அளவெல்லாம் எழுதித் தாரேன். காயிதம் இருக்குதுங்களா?"

பைக்குள் கையை விட்டேன். கையில் கிடைத்ததைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன கொடுத்தேன் என்று தெரிந்தது. அவர் பேனாவைத் திறந்துகொண்டு கார்டைப் பார்த்தார். மேலே அவர் விலாசம். திருப்பினார். படித்தார். பட்டறைச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. ரெண்டாவது தடவையும் படித்தார்.

"கையெழுத்து ஆரோடதுங்க?"

"என்றதுங்க."

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கார்டை மேசையில் வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. காசு வேண்டாம் என்ற சங்கிலியை எடுத்துத் தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

"புளிங்க" என்றேன்.

"என்னங்க?"

"புளி போட்டு வெளக்கிப்போட்டனுங்க. ஆயுத பூசைக்கு. புளி, சாம்பல், உப்பு. அப்பறம் எண்ணெய் உடலீங்க. தேங்காயெண்ணெய் உட்டேன், அதுவும் மழையில. அவருக்குத் தெரியாதுங்க. உங்க தப்பு ஒண்ணுமில்லீங்க. கடைக்காரர் தப்பும் இல்லீங்க."

என் ஆயுசில் ஒரு வெளி ஆம்பிளையிடம் ஒரே மூச்சில் நான் பேசியது அவ்வளவுதான். பாய் சங்கிலியைச் சுற்றுவதை நிறுத்தினார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். ஆடி ஆடிச் சிரித்தார். "புளியா! நான் நாளைக்குக் கடைக்காரன் சட்டையப் புடிச்சிருப்பனே! அக்கா, வருசா வருசம் எங்க பட்டறையில பசங்க பூசை போடறேன்னு லேத்து மேல சந்தனத்த அப்பிப்போடுவானுங்க. ஒரு மாசம் நான் துருவ வழிச்சுட்டிருப்பேன். ஆனாப் புளி... புளி இதுவரைக்கும் பாத்ததில்லீங்க."

அப்புறம் கார்டை எடுத்து, என் எழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினார். சங்கிலி நம்பர், கண்ணி எண்ணிக்கை, பூட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எத்தனை தொங்கலாம். 'மண்ணெண்ணெயில் கழுவவும். துடைத்துவிட்டுக் கெட்டியான எண்ணெய் விடவும்.' கடைசியாக ஒன்று எழுதி, அடியில் கோடு போட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார். நான் மேசையில் வைத்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.

வீடு வந்து சேரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமாக உட்கார்ந்திருந்தாரோ. "கேட்டயா?" என்றார். பையைப் பார்த்தார். "புதுசு குடுத்துட்டானா? அப்பத் தப்ப ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்."

நான் கார்டை அவர் மடியில் வைத்தேன். அவர் தன் வார்த்தையைப் பார்த்தார், அதற்குக் கீழே பாய் எழுத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"'புளி ஆகாது.' என்னது இது, புளி ஆகாதுன்னு கோடு போட்டிருக்கறாரு?"

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போக இருந்தேன்.

"நில்லு" என்றார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசாட்டம் இருக்குதுன்னு நாந்தான சொன்னேன்" என்றார். அப்புறம், "உனக்குப் புத்தி இல்ல, எனக்குக் கண்ணு இல்ல" என்றார். அப்புறம், "குறடு எங்க வெச்ச?"

மறுநாள் காலையில் இருந்து மாட்டினோம். அவர் நாற்காலியில் இருந்துகொண்டு சொன்னார், நான் மண்ணில் உட்கார்ந்து செய்தேன். பல்சக்கரத்தைக் கழற்றத்தான் உயிர் போச்சு. நான் ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். "இன்னும் கொஞ்சம் சோறு தின்னிருக்கலாம் நீ" என்றார். சங்கிலியைக் கோர்க்கும்போது அவர் ஏதேதோ சொன்னார், நான் கேட்கவில்லை. நாடா கோர்க்கிற மாதிரியே கயிறு விட்டு இழுத்தேன். சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு முனை வெளியே வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பூட்டைத் தொலைத்துவிடுவேன் என்று அவர் தன் உதட்டில் கவ்வி வைத்திருந்தார். கடைசியில் அதைத்தான் போட்டோம்.

ஓட்டிப் பார்க்க அவருக்குக் கைக்கட்டு அவிழ வேண்டுமே. புதன்கிழமை அவரே அவிழ்த்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் குத்தகைக்காரரோடு வந்தார். தோப்பு கேட் பக்கம் கார் நிற்கிற சத்தம் கேட்டதும் இவர் வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போனார்.

"அண்ணா, ஏறுங்க. கடைசி வரிசை வரைக்கும் போயிட்டு வரலாம். வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்குங்க, எண்ணெய் பட்டுரும்."

அண்ணன் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தார். போனார்கள். குத்தகைக்காரருக்கு இளநீர் கொடுத்துவிட்டு நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடகட, கடகட. வரப்பு ஏறியது. இறங்கியது. சத்தம் தேய்ந்துகொண்டே வாய்க்கால் பக்கம் போனது. நின்றுவிட்டது.

பூட்டு சரியாக விழுந்ததா? திருப்பிப் போட்டுவிட்டேனா? ரெண்டு பேர் கனம். அவர் கை வேறு. "என்னங்கம்மா ஆச்சு?" என்று குத்தகைக்காரர் கேட்டார். படியில் இறங்கினேன். ஏறினேன். மறுபடியும் இறங்கினேன். எத்தனை நேரமோ. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று சேலையைச் செருகினேன். அப்போது எஞ்சின் பிடித்தது. கடகட.

அவர்கள் ஒரு சின்ன மரத்தின் குருத்தைக் குடைந்த வண்டைக் கம்பியால் எடுக்க நின்றிருக்கிறார்கள். அண்ணன் இறங்கினார், கையில் கம்பியில் குத்திய வண்டு. வேட்டியில் கறுப்பாக ஒரு கோடு. குத்தகைக்காரரைப் பார்த்து, "இப்பத்திக்கு வேண்டாமுங்க. இவனே தோப்பைப் பாத்துக்குவான்" என்றார்.

அதற்கப்புறம் பல வருசம் இவர் அந்த வண்டியில் போனார். சங்கிலியை நான் நாலு தடவை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பாய்தான் வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும், "புளி ரசமெல்லாம் நல்லா வெக்கறீங்களா அக்கா?" என்று கேட்பார். ஆனால் சத்தம் நின்றால் வாசலுக்கு ஓடுகிற பழக்கம் மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் விடவில்லை. இவர் போய் இத்தனை வருசம் ஆகியும் விடவில்லை.

அந்தக் கார்டைக் கறையான் தின்றுவிட்டது. அதனால் எனக்குச் சில விசயம் நிச்சயமாகத் தெரியவில்லை. தொண்ணூற்றாறு கண்ணியா, தொண்ணூற்றெட்டா? பூட்டின் மூடிய பக்கம் சங்கிலி ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஞாபகம், எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. வண்டி இன்னும் மோட்டார் ரூம் பக்கம்தான் நிற்கிறது, கடைசியாக நான் மாட்டிய சங்கிலியோடு. என்னால் இப்போது குனிய முடியாது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் குனிந்து பார்த்து, நான் எழுதியது சரிதானா என்று சொல்லுங்கள். கண்ணியை எண்ணும்போது லாபத்தை விட்டுப்போடாதீர்கள், அதையும் சேர்த்துத்தான் கணக்கு.